வேறொரு துணியின் மடிப்புகள்



ரமளான் பிறை தென்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே நம் கைப்பேசிகளில் பெருநாள் கடைவீதி திறந்துவிடுகின்றது. அபாயா, ஷால், தொழுகை உடை, குழந்தைகளின் குர்தா என்று வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்ஸ்டாகிராம் பக்கங்களிலும் படங்கள் வரிசையாக வந்தவண்ணம் இருக்கின்றன. இவற்றுள் பல, நம் வீட்டுப் பெண்கள் வீட்டிலிருந்தே நடத்தும் சிறு வணிகங்கள். கணவரை இழந்த சகோதரி ஒருவர் பிள்ளைகளைப் படிக்க வைப்பதும், கல்லூரி முடித்த பெண்ணொருத்தி வாப்பாவிடம் கைநீட்டாமல் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வதும் இத்தகைய வணிகங்களால்தான். ஹலாலான அந்தச் சம்பாத்தியம் ஹலாலாகவே நிலைக்க வேண்டும் என்ற அக்கறையில், அங்கே பயன்படும் ஒரு படத் திருத்த உத்தியைப் பற்றியும், அதைக் கொண்டு நானே செய்த ஒரு தவற்றைப் பற்றியும் எழுதுகின்றேன்.

நான் அச்சகத் தொழிலில் வடிவமைப்பாளன். திருமண அழைப்பிதழ், கடைப் பலகை, துணிப்பை என்று எதற்கும் படம் அமைத்துத் தருவது என் பிழைப்பு. என் அக்கா மகள் பூவேலைப்பாடு அச்சிட்ட ஷால்களை விற்கத் தொடங்கியபோது என்னிடம் வந்தாள். தானும் படத்தில் வர மாட்டாள். பிறரை உடுத்தச் செய்து நிறுத்திப் படமெடுக்கவும் அவளுக்கு விருப்பமில்லை. ஆர்டர் வந்த பிறகுதான் துணியில் அச்சிடுவார்கள் என்பதால் கையில் மாதிரியும் இல்லை. கணினியில் வரைந்த பூக்கோலங்கள் மட்டுமே இருந்தன. "மாமா, ஷால் மேல இருக்கற மாதிரி நீங்களே செஞ்சு கொடுங்க" என்றாள்.

வெள்ளை சாட்டின் ஷால் ஒன்றைப் பொம்மையின் மீது போர்த்தி எடுத்த பழைய படம் என்னிடம் இருந்தது. ஓர் இரவு அமர்ந்து ஆறு வடிவங்களையும் அந்தப் படத்தில் ஏற்றிக் கொடுத்தேன். பார்த்தவர்கள் உண்மைத் துணியைப் படமெடுத்தது என்றே எண்ணினார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமிதமே. ஆர்டர்கள் வந்தன, அச்சிட்டு அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து வேற்றூரிலிருந்து வயதான அம்மா ஒருவரின் குரல் செய்தி வந்தது. "மகளே, படத்துல துணி தண்ணி மாதிரி ஓடுது. எனக்கு வந்தது காகிதம் மாதிரி நிக்குது" என்றார். அவர் கோபப்படவில்லை, பணத்தையும் திருப்பிக் கேட்கவில்லை. அக்கா மகள் அதை எனக்கு அனுப்பிவிட்டு, "டிசைன் சரியாத்தானே இருக்கு மாமா? கலரும் அதேதானே?" என்று கேட்டாள்.

வடிவம் சரி, நிறமும் சரி. ஆனால் அந்த அம்மா சொன்னதும் சரியே. இரண்டும் எவ்வாறு ஒரே நேரத்தில் உண்மையாக முடியும் என்பதை விளங்கிக்கொள்ள, அந்தப் படம் உருவான விதத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

படம் எவ்வாறு துணியாகின்றது?

ஒரு பூக்கோலத்தை மடிப்புள்ள துணியின் படத்தின் மீது அப்படியே வைத்தால், சுவரில் ஒட்டிய சுவரொட்டியைப் போலத் தட்டையாகத் தெரியும். துணி மடியும் இடத்தில் பூவின் கோடும் வளைந்தால்தான் கண் நம்பும். அந்த வளைவைக் கையால் வரையாமல் கணினியே செய்யும்படி ஃபோட்டோஷாப்பில் 'டிஸ்பிளேஸ்' என்றொரு வசதி உண்டு. கட்டணமின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் அது இருக்கின்றது. அதற்குத் தேவைப்படுவது 'டிஸ்பிளேஸ்மென்ட் மேப்' எனப்படும் கறுப்பு வெள்ளைப் படம். தமிழில் இடப்பெயர்ச்சி வரைபடம் எனலாம்.

செய்முறை எளியது. துணியின் படத்திலிருந்து நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். பிறகு சற்றே மங்கலாக்க வேண்டும். இல்லாவிட்டால் துணியின் இழைகள்கூடப் பூவின் விளிம்பைப் பிய்த்துவிடும். அதனை ஃபோட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு வடிவமான பி.எஸ்.டி.யில் தனியே சேமித்துக்கொண்டு, பூக்கோலம் உள்ள அடுக்கின் மீது டிஸ்பிளேஸ் வசதியைச் செலுத்தி அந்தக் கோப்பைக் காட்ட வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 என்பது முழுக் கறுப்பு; 255 முழு வெண்மை. நடுச் சாம்பலான 128 உள்ள இடத்தில் பூவின் புள்ளி அசையாது. அதைவிட இருண்ட இடத்தில் ஒரு திசையிலும், வெளிறிய இடத்தில் அதற்கு எதிர்த் திசையிலும் நகரும். எவ்வளவு தொலைவு நகர வேண்டும் என்பதை நாம் கொடுக்கும் அளவு தீர்மானிக்கின்றது. 100 என்று வைத்தால் அதிகபட்சம் 128 பிக்சல். 10 என்று வைத்தால் ஏறத்தாழ 13 பிக்சல். இறுதியாக, பூக்கோல அடுக்கை 'மல்டிப்ளை' முறைக்கு மாற்றினால் அடியிலுள்ள துணியின் நிழல்கள் பூக்களின் மீதும் படியும். அவ்வளவுதான், தட்டையான பூக்கோலம் துணியாகிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தக் கருவிக்குத் துணி என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தவை வெளிச்சமும் இருளும் மட்டுமே. மடிப்பின் நிழலையும் துணியில் பட்ட தேநீர்க் கறையையும் அது ஒன்றாகவே பாவிக்கும். இரண்டும் அதற்கு இருண்ட எண்கள்தாம். துணியின் கனம், மென்மை, விழும் பாங்கு எதுவும் அந்த எண்களில் இல்லை. எந்தத் துணியைப் படமெடுத்தோமோ அந்தத் துணியின் மடிப்புகளை வாங்கி, நாம் கொடுத்த கோலத்தின் மீது அது ஏற்றிவிடும்.

நான் கொடுத்த மடிப்புகள் சாட்டினுடையவை. அந்த அம்மாவுக்குப் போனதோ, வெப்பத்தால் சாயம் ஏற்றும் சப்ளிமேஷன் முறையில் அச்சிட்ட மலிவான பாலியஸ்டர். சாட்டின் வழுக்கி விழும். இந்த பாலியஸ்டர் விறைத்து நிற்கும். பூவும் நிறமும் எங்களுடையவை. மடிப்பும் மினுமினுப்பும் நளினமும் வேறொரு துணிக்குச் சொந்தமானவை. வாங்குபவர் மனத்தைக் கவர்ந்து காசைக் கொடுக்க வைத்தது பெரும்பாலும் அந்த இரண்டாவது பகுதியே. நான் விற்க உதவியது வேறொரு துணியின் மடிப்புகளை.

பேசாத பொய்

"நாங்கள் சாட்டின் என்று எங்கும் எழுதவில்லையே" என்று அக்கா மகள் முதலில் சொன்னாள். உண்மைதான். துணியின் பெயரையே அவள் எழுதவில்லை. பொய்யான சொல் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் வணிகத்தில் பொய் எப்போதும் சொல்லாகத்தான் வர வேண்டும் என்பதில்லை என்பதை நம் மார்க்கம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்குக் காட்டியிருக்கின்றது.

அன்றைய அரபுச் சந்தையில் ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்கு முன் சில நாள்கள் பால் கறக்காமல் விட்டுவிடும் வழக்கம் சிலரிடம் இருந்தது. மடி பெருத்துத் தோன்றும்; நிறையப் பால் தரும் கால்நடை என்று நம்பி வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பார். இதனைத் 'தஸ்ரியா' என்பார்கள். நபி (ஸல்) அவர்கள் இதனைத் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்றும், விரும்பாவிட்டால் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் வழிகாட்டினார்கள். விற்றவர் வாய் திறந்து எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மடி அதே ஆட்டின் மடிதான். பாலும் அதன் பால்தான். இருந்தும் கண்ணுக்குக் காட்டப்பட்ட தோற்றம் பொய்யுரைத்தது. எங்கள் படத்திலோ மடியே வேறோர் ஆட்டினுடையது.

மற்றொரு நிகழ்வு நம் அனைவருக்கும் தெரிந்ததே. கடைத்தெருவில் உணவுத் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்று வணிகர் காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். மோசடி செய்பவரைப் பற்றிய கடும் எச்சரிக்கையையும் விடுத்தார்கள். இந்நிகழ்வை நாம் பயான்களில் அடிக்கடி கேட்கின்றோம். ஆனால் அதிலுள்ள ஒரு நுட்பத்தை நான் இந்தத் தவற்றுக்குப் பின்னரே உணர்ந்தேன். நனைந்த தானியத்தை விற்காதே என்று அங்கே சொல்லப்படவில்லை. மழை வணிகரின் குற்றமும் அன்று. ஈரத்தை மேலே வை என்பதே அங்கே கேட்கப்பட்டது. பொருளின் குறை மன்னிக்கத்தக்கது; உலர்ந்ததை மேலே பரப்பி அதை மறைத்ததுதான் பிழை.

எனவே, கணினியில் செய்த மாதிரிப் படமே கூடாது என்று நான் வாதிடவில்லை. அந்த உத்தியால் நன்மைகள் உண்டு. ஆயிரம் பைகளை அச்சிடுவதற்கு முன் எழுத்து மடிப்பில் மறைந்துபோகுமா என்று பார்த்துக்கொள்ளலாம். துணியும் சாயமும் வீணாகாது. முகத்தையும் உடலையும் காட்டி விளம்பரம் செய்ய விரும்பாத நம் சகோதரிகளுக்கு அது நாணத்தைக் காக்கும் ஒரு வழியாகவும் அமைகின்றது. அந்த நோக்கத்தை நான் மதிக்கின்றேன். நாணத்தைக் காப்பதற்காக எடுத்த கருவி நாணயத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

மூன்று மறுமொழிகள்

இதைப் பற்றித் தொழில் நண்பர்களிடம் பேசியபோது மூன்று மறுமொழிகள் கிடைத்தன.

முதலாவது, "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், வாங்குபவருக்கும் தெரியும்." வடிவமைப்பாளனான எனக்குத் தெரியும், குரல் செய்தி அனுப்பிய அந்த அம்மாவுக்குத் தெரியாது. படத்தைப் படமெடுத்தது என்றே அவர் நம்பினார். அவ்வாறு நம்ப வைக்கத்தானே நான் இரவெல்லாம் விழித்தேன்? கண்டுபிடிக்க முடியாதபடி ஒன்றைச் செய்துவிட்டு, அது எல்லாருக்கும் தெரியும் என்று சொல்வது நேர்மையாகாது.

இரண்டாவது, "ஆர்டருக்குப் பிறகே தயாராகும் பொருளுக்கு உண்மைப் படம் எங்கிருந்து வரும்?" இது நியாயமான கேள்வி. சொல்லிச் செய்யும் பொருளை விற்பது நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் புதிதன்று. ஸலம், இஸ்திஸ்னாஉ என்ற தலைப்புகளில் அவை விரிவாகப் பேசுகின்றன. கண்ணால் காணாமல் வாங்கிய பொருளைக் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ வாங்கியவருக்கு உரிமையுண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. ஷாஃபிஈ மத்ஹபிலோ காணாத பொருளின் விற்பனை பற்றிய கண்டிப்பு இன்னும் கூடுதல். இவற்றின் நுணுக்கங்களை ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டும், நான் அச்சுக்காரன். எனக்கு விளங்கியது இவ்வளவே: பொருள் கண்முன் இல்லாதபோது வருணனைதான் பொருளின் இடத்தில் நிற்கின்றது. ஆகவே வருணனை கூடுதல் துல்லியமாக இருக்க வேண்டும். இன்று படமே வருணனை. பொருள் இல்லை என்பது படத்தை இன்னும் அழகாக்குவதற்கான அனுமதி ஆகாது.

மூன்றாவது, "சின்ன வியாபாரம், இவ்வளவு பார்த்தால் பிழைக்க முடியாது." சின்ன வணிகம் என்பதால்தான் நான் அஞ்சுகின்றேன். பெரிய நிறுவனத்தில் பொருள் பிடிக்காவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தித் திருப்பி அனுப்பலாம். உறவுக்காரப் பெண்ணிடம், மஹல்லாவைச் சேர்ந்த சகோதரியிடம் வாங்கியவர் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுவார், மனத்தாங்கலை விழுங்கிக்கொள்வார். அந்தக் கூச்சத்தின் மீது நம் இலாபம் நிற்கலாகாது. சட்டமும் வணிகத்தின் அளவைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரங்களைத் தடுக்கின்றது. அதன் கீழ் 2020 இல் வந்த மின் வணிக விதிகள், விளம்பரப்படுத்திய தன்மைகளோடு பொருந்தாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

ஈரத்தை மேலே வைப்பது எப்படி?

நடைமுறையில் என்ன செய்யலாம்? நாங்கள் செய்தவற்றைச் சொல்கின்றேன்.

முதலில், விற்கப்போகும் அதே துணியில் ஒரு வெள்ளைத் துண்டை வாங்கினோம். அதனைத் தாங்கியில் மாட்டி, சன்னல் வெளிச்சத்தில் படமெடுத்தேன். இனி எங்கள் இடப்பெயர்ச்சி வரைபடம் அந்தப் படத்திலிருந்து மட்டுமே உருவாகும். பாலியஸ்டருக்கு பாலியஸ்டரின் மடிப்பு. பருத்திக்குப் பருத்தியின் மடிப்பு. இதற்கு ஆன செலவு ஒரு ஷாலின் விலைகூட இல்லை. உத்தி அதேதான், அதற்குக் கொடுத்த வரைபடம் மட்டும் உண்மையானதாக மாறியது.

இரண்டாவதாக, ஒவ்வொரு படத்தின் மீதும் 'கணினியில் அமைத்த மாதிரிப் படம்' என்று படிக்கும் அளவில் எழுதினோம். மூலையில் எறும்பு எழுத்தில் எழுதுவது ஈரத்தை மீண்டும் அடியில் தள்ளுவதே ஆகும்.

மூன்றாவதாக, துணியின் பெயர், ஜி.எஸ்.எம். எனப்படும் அதன் கனம், நீள அகலம், பூவின் உண்மையான அளவு சென்டிமீட்டரில், திரைக்கும் துணிக்கும் நிறம் சற்று மாறலாம் என்ற குறிப்பு ஆகியவற்றைப் படத்துடன் சேர்த்தோம். அச்சிட்டு முடிந்த முதல் ஷாலைக் கையில் பிடித்து அசைத்துக் காட்டும் சிறு காணொளியும் எடுத்தோம். அதில் ஒரு கை மட்டுமே தெரியும். பத்து நொடிகளில் துணி தன் இயல்பைத் தானே சொல்லிவிடுகின்றது.

நான்காவதாக, ஏற்கெனவே வாங்கியவர்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள். படம் வேறு துணியின் மீது அமைக்கப்பட்டது, விருப்பமில்லாதவர்கள் திருப்பி அனுப்பலாம், அனுப்பும் செலவு எங்களுடையது என்று எழுதினாள். சிலர் திருப்பினார்கள், பெரும்பாலோர் வைத்துக்கொண்டார்கள். அந்த மாதம் இலாபம் இல்லை. புதிய படங்களை வெளியிட்ட பிறகு ஆர்டர்கள் குறைந்ததையும் நான் மறைக்க விரும்பவில்லை. நேர்மையாக இருந்தால் மறுநாளே வணிகம் பெருகும் என்று சொல்வதும் ஒரு வகையில் ஒப்பனைதான். பரகத்தை எண்ணிக்கையில் மட்டும் தேடாதிருக்க நாங்கள் இருவரும் இன்னும் பழகிக்கொண்டிருக்கின்றோம்.

துணியோடு நிற்பதில்லை

இறுதியாக ஒன்று. இதே புள்ளி நகர்த்தும் கணக்கு இன்று மனித முகத்தின் மீதும் உடலின் மீதும் நடக்கின்றது. ஃபோட்டோஷாப்பில் 2000 ஆம் ஆண்டு வந்த 'லிக்விஃபை' வசதியில் வரைபடத்துக்குப் பதிலாக நம் கையே புள்ளிகளைத் தள்ளுகின்றது. இப்போது அதைப் போன்ற வேலையைக் கைப்பேசிச் செயலிகள் ஒரு தொடுதலில் செய்கின்றன. மூக்கு ஒடுங்குகின்றது, தாடை குறுகுகின்றது, இடை மெலிகின்றது. பிரான்சில் 2017 முதல், விளம்பர மாடல்களின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய படத்தில் அது திருத்தப்பட்ட படம் என்று குறிப்பிட வேண்டும். நார்வேயிலும் 2022 ஜூலை முதல் இது போன்ற சட்டம் நடப்பில் உள்ளது.

நம் வீடுகளிலோ நிக்காஹ் பேச்சுக்காக அனுப்பும் படங்களில் இந்தத் திருத்தம் சத்தமின்றி நுழைந்துவிட்டது. ஷாலைத் திருப்பி அனுப்பலாம். பெண் பார்க்க வந்தவர்கள் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனால், அந்தப் பிள்ளையின் மனத்தில் விழும் மடிப்பை எந்த மென்பொருளாலும் நிமிர்த்த முடியாது. மாப்பிள்ளையின் படத்துக்கும் இதுவே பொருந்தும். அல்லாஹ் படைத்த முகம் படத்திலும் அதே முகமாக இருக்கட்டும். அதைப் பார்த்துச் சம்மதிப்பவரே அந்த வீட்டுக்குப் பொருத்தமானவர்.

அந்த அம்மா ஷாலைத் திருப்பவில்லை. அடுத்த பெருநாளுக்குப் பேத்திக்கு ஒன்று கேட்டார். "இந்தத் தடவை துணி எப்படி நிக்கும்னு முன்னாடியே காட்டிரும்மா" என்றார். அக்கா மகள் காணொளியை அனுப்பினாள். விறைப்பான துணிதான், பார்த்துவிட்டே வாங்கினார்.

நம் கைகள் உழைத்துத் தேடும் ரிஸ்கை அல்லாஹ் தூய்மையாக்கி, நம் கொடுக்கல் வாங்கல்களில் பரகத் செய்வானாக. ஆமீன்.